ஒரு முழ இடைவெளி

ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருக்கும். பள்ளிவாசலின் ஹவுளில் ஒளுச் செய்வோர் இருவர் மூவரே இருப்பர். மேற்கு மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் காற்று சில நாள்களில் அந்நேரம் ஓய்ந்துவிடும். அப்போது ஹவுளின் நீர் கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடக்கும். நாம் கையை நனைத்தவுடன் அதனைச் சுற்றி ஒரு வளையம் தோன்றி விரியும். எதிர்க்கரையில் அமர்ந்திருக்கும் முதியவரின் கையைச் சுற்றியும் ஒரு வளையம் தோன்றி விரியும். இரண்டும் நடுவில் சந்திக்கும்.

சந்தித்தபின் என்ன ஆகிறது? இரண்டும் மோதிச் சிதைந்துபோகும் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே நீரில் ஒளுச் செய்தும் ஒருநாளேனும் ஊன்றிப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறோம். எந்த வளையமும் சிதைவதில்லை. நம்முடைய வளையம் முதியவருடையதை ஊடுருவிச் சென்று எதிர்க்கரையைத் தொடுகிறது. அவருடையது நம் காலடிக்கு வருகிறது. சந்திக்கும் இடத்தில் மட்டும், சந்திக்கும் அந்நேரத்தில் மட்டும், நீர் வேறொரு கோலம் கொள்கிறது. மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் நீர் மிகுதியாய் எழுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் எழவும் இல்லை, தாழவும் இல்லை.

இதனை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு ஐம்பதைக் கடந்தபின் வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாணவனுக்கு நாம் கடன்பட்டிருந்தோம். அக்கடனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகிறோம். அதனை விளக்க அலைகளைப் பற்றியும் சிறிது பேசியாக வேண்டும், வாசகர்கள் பொறுத்தருள்க.

1998ஆம் ஆண்டு. நமக்கு இருபத்தெட்டு வயது. ஓதி முடித்துப் பட்டம் பெற்றுத் தலைப்பாகையின் மடிப்புக் கலையாத காலம். கடையநல்லூரில் ஒரு மத்ரஸாவில் ஆசிரியராக அமர்ந்தோம். நாற்பது பிள்ளைகள். பாடம் நடக்கும் கூடம் ஏறக்குறைய முப்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உடையது. மேற்கு ஓரத்தில் நாம் அமர்வோம். பிள்ளைகள் நம்மை நோக்கி வரிசை வரிசையாய் அமர்வர். அவர்களுக்குப் பின்னே இருந்த கிழக்குச் சுவர் கருங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசி வழவழப்பாகத் தேய்த்தது; அதில் சன்னலும் இல்லை, மாடமும் இல்லை. கடைசி வரிசைக்கும் அச்சுவருக்கும் இடையே பைகளையும் குடைகளையும் வைப்பதற்காக ஒரு முழ இடைவெளி விட்டிருந்தோம். இந்த ஒரு முழத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தஜ்வீது பாடம் நடந்துகொண்டிருந்தது. 'மத்து' என்னும் நீட்டலின் அளவுகளை ஓதிக்காட்டி, பிள்ளைகளைத் திருப்பி ஓதச் செய்துகொண்டிருந்தோம். எழுத்தின் ஒலியை ஒரே சுருதியில் அசையாமல் நிறுத்தி நீட்டுவது அந்நாளில் நமக்கு ஒரு பெருமை. கடைசி வரிசையில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தறி நெய்பவர் வீட்டுப் பிள்ளை. அவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், நீங்க நீட்டும்போது உங்க குரல் மாறிப் போகுது. சின்னப் பிள்ளை ஓதுற மாதிரி கேக்குது."

கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. சிரித்தது நாற்பது பேர். நமக்கு உறைத்ததோ அவன் ஒருவனின் சொல். கேலி செய்கிறான் என்றே கொண்டோம். அவனோடு கடைசி வரிசையில் இருந்த ஐவரையும் எழுப்பி, "உங்களுக்கும் அப்படிக் கேட்கிறதா?" என்று வினவினோம். வினவியபோது பிரம்பு நம் கையில் இருந்தது. ஐவரும் அப்பிரம்பைப் பார்த்துவிட்டு, "இல்லை ஹஜ்ரத்" என்றனர். ஐந்து சாட்சிகள் கிடைத்தபின் வழக்கில் என்ன மிச்சம்? உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தோம்.

மறுநாள், "இன்று எப்படிக் கேட்கிறது?" என்று நாமே வலிந்து கேட்டோம். அவன் பணிந்துவிடுவான் என்பது நம் கணக்கு. அவனோ, "இங்க அப்படித்தான் கேக்குது ஹஜ்ரத்" என்றான். குரலில் எதிர்ப்பு இல்லை. அழுகை மட்டுமே இருந்தது. லுஹர் வரையில் நிற்கவைத்தோம். மூன்றாம் நாள் அவன் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் என்றுமே சொல்லவில்லை. அவ்வாண்டு ரமலான் விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவும் இல்லை. 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று நாம் அவனை மறந்தோம்.

இனி, சென்ற ஆண்டு ரமலான் விடுமுறைக்கு வருவோம். நம் மகள் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பயில்கிறாள். வீட்டுக்கு வந்திருந்தவள் ஒருநாள் காலையில், "வாப்பா, உங்க மத்ரஸா கூடம் இப்ப காலியாத்தானே இருக்கு? ஒரு மணி நேரம் வேணும்" என்றாள். எதற்கு என்று கேட்டோம். நிலையலையைச் செவியால் கேட்டுப் பார்க்க வேண்டுமாம். வீட்டு அறையில் கட்டிலும் மெத்தையும் திரைச்சீலையும் ஒலியை விழுங்கிவிடுகின்றனவாம். சாவியை எடுத்துக்கொண்டு உடன் சென்றோம்.

நாம் வழக்கமாக அமரும் இடத்தில் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வைத்துக் கைபேசியோடு இணைத்தாள். நொடிக்கு 350 அதிர்வுகள் உடைய ஒரே சீரான ஓசை அதிலிருந்து எழுந்தது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கிழக்குச் சுவரை நோக்கி மெல்ல நடக்கச் சொன்னாள். நடந்தோம். சுவரை நெருங்கும்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. ஓசை மிகுந்தது, அடுத்த அரை அடியில் அடங்கியது, மீண்டும் மிகுந்தது, மீண்டும் அடங்கியது. பெட்டியிலிருந்து வரும் ஓசையில் மாற்றம் இல்லை, நாம் நின்றால் அதுவும் நின்றது, நகர்ந்தால் மாறியது. அடங்கிய இடங்களில் எல்லாம் மகள் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள். பின் அளந்தாள். சுவரிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டரில் ஒன்று, 75இல் ஒன்று, 125இல் ஒன்று. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே அரை மீட்டர்.

"இது என்ன மாயம்?" என்றோம். "மாயம் இல்ல வாப்பா, கணு" என்றாள். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் கண்ட அதே சொல்.

அவள் விளக்கத் தொடங்கியதும், நம் இளமைக்காலக் காட்சி ஒன்று கண்முன் வந்தது. நம் தந்தையாரும் கைத்தறி நெய்தவரே. விடியுமுன் தெருவில் பாவை நீள இழுத்துக் கட்டுவார்கள். பாவை இழுத்துப் பிடிக்கும் கயிற்றின் முனையைப் பிடித்து ஆட்டுவது சிறுவர்களாகிய நமக்கு விளையாட்டு. ஒருமுறை சுண்டினால் ஒரு மேடு கயிற்றின் வழியே ஓடும். முளையைத் தொட்டதும் தலைகீழாய்த் திரும்பி வரும். விடாது ஆட்டினால் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கயிறு ஓடுவதை விட்டு ஓரிடத்தில் நின்று ஆடும். மெல்ல ஆட்டினால் ஒரே வயிறாக. இருமடங்கு விரைவாக ஆட்டினால் இரண்டு வயிறாக, நடுவில் அசையாத ஒரு புள்ளியோடு. அந்த அசையாத புள்ளியில் விரல் வைத்தாலும் கயிற்றின் ஆட்டம் நிற்காது. இழை அறுந்துவிடும் என்று தந்தையார் அதட்டும்வரை இது தொடரும்.

இதுவே நிலையலை. ஒரே அளவான இரண்டு அலைகள் எதிர் எதிராக வந்து ஒன்றோடொன்று படியும்போது, சில இடங்களில் அவை எப்போதும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன; அவ்விடமே கணு. சில இடங்களில் ஒன்றுக்கொன்று துணைசெய்து மிகுகின்றன, அஃது எதிர்க்கணு. கணுவில் அமைதி நிலவுகிறது. ஆயின் அங்கு எதுவும் வரவில்லை என்பது பொருளன்று. இரண்டு அலைகளும் அங்கு வந்துகொண்டே இருக்கின்றன. சம வலிமையோடு எதிர்ப்படுவதால் அமைதியாய்த் தோன்றுகின்றது. ஒலி எங்கும் அழிந்துபோகவும் இல்லை. கணுவில் குறைந்தது எதிர்க்கணுவில் கூடியிருக்கிறது.

அறிஞர்கள் இதனைப் பலவாறு கண்டெழுதியுள்ளனர். 1787இல் ஜெர்மானியரான கிலாட்னி, மணல் தூவிய தகட்டை வயலின் வில்லால் தேய்த்து அதிரச் செய்தார். அசையும் இடங்களை விட்டு ஓடிய மணல் அசையாக் கோடுகளில் ஒதுங்கி அழகிய கோலங்களாய் நின்றது. தாமஸ் யங் என்னும் ஆங்கிலேயர் 1801 முதல் சில ஆண்டுகளில், ஒளியும் ஒளியும் சேர்ந்து சில இடங்களில் இருள் பிறக்கக்கூடும் என்று காட்டினார். 1831இல் மைக்கேல் பாரடே, அதிரும் பாத்திரத்து நீரில் நிலையலைகளைக் கண்டார். அவருடைய பாத்திரம் நம் ஹவுளுக்கு உறவு என்க. நம் காலத்துச் சமையலறையிலும் இது உண்டு. நுண்ணலை அடுப்பினுள் தட்டு சுழல்வது ஏன்? அதனுள்ளும் நிலையலைகள் எழுகின்றன. உணவு ஒரே இடத்தில் நின்றால் ஒரு பக்கம் கொதிக்க, ஒரு பக்கம் குளிர்ந்தே கிடக்கும்.

தமிழ் மண்ணின் பங்கும் இதில் பெரிது. 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக அலுவல் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் கம்பிகளின் அதிர்வுகளை ஆராய்ந்தார். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1920இல், மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். 1934இல் அதனை மேலும் விரித்தார். வெறும் தோல் போர்த்த பறையில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இணங்குவதில்லை. அடிப்படை ஓசையின் அதிர்வு ஒன்று எனில் அடுத்தவை 1.59, 2.14 என்று முறையற்ற பின்னங்களாய் வரும். ரமலானில் ஸஹர் நேரத்தில் நம் தெருக்களில் பக்கீர்கள் தட்டிவந்த தாயிராவின் ஓசை உறக்கத்தைக் கலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்! மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவில் 'சோறு' என்னும் கரிய சாந்து பூசப்படுகிறது. அதன் பாரத்தால் தோலின் அதிர்வுகள் ஒழுங்குபட்டு 1, 2, 3, 4, 5 என்று முழு எண் விகிதத்தில் இசைகின்றன. ராமன் அத்தோலின்மீது நுண்மணலைத் தூவி, கணுக்கோடுகளைக் கண்ணால் காணச் செய்தார். தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்தவர்கள் செவியை நம்பிக் கண்ட உண்மை அது. 'அவர்களுக்கு என்ன தெரியும்' என்று தள்ளாமல் அச்செவிகளை மதித்ததே ராமனின் பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது.

அரபு நூல்களைப் பயின்ற நமக்கு வெட்கம் தரத்தக்கது மற்றொன்று. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் விளங்கிய 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினர், தம் ரஸாயில்களுள் ஒன்றை இசைக்கென ஒதுக்கினர். ஒலி என்பது காற்றில் எழும் அலை என்றும், கண்ணாடி ஊதுபவன் ஊத ஊதக் குமிழ் எப்புறமும் விரிவதுபோல அது விரிகிறது என்றும் அதில் எழுதியுள்ளனர். காற்று மிக நுண்ணியது ஆதலின் ஒவ்வொரு ஒலியையும் அதனதன் வடிவோடு, மற்றொன்றோடு கலந்து கெடாமல், செவிக்குக் கொண்டு சேர்க்கிறது என்றும் அதில் காணலாம். நாம் ஹவுளில் கண்ட வளையங்களின் செய்தி அன்றோ இது! 'மவ்ஜ்' என்னும் சொல்லை ஆயிரம் முறை ஓதிக்கொடுத்தும், அலையைப் பற்றி நம் முன்னோர் எழுதியதை மகளின் பாடத்திற்குப் பின்னரே தேடிப் படித்தோம்.

மீண்டும் கூடத்திற்கு வருவோம். மகள் அடுத்துச் செய்த காரியமே நம்மை நிலைகுலையச் செய்தது.

"வாப்பா, உங்க இடத்துல உக்காந்து ஒரு மத்தை நீட்டி ஓதுங்க" என்றாள். ஓதினோம். கைபேசி நம் குரலின் அடிப்படை அதிர்வை நொடிக்கு 175 என்று காட்டியது. ஏதோ கணக்குப் போட்டாள். பின், கைபேசியைச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒரு சிறுபிள்ளை அமர்ந்தால் காது இருக்கும் உயரத்தில் பிடித்துக்கொண்டு, "இன்னொரு முறை" என்றாள். ஓதினோம். பதிவானதை நம் காதில் கேட்கவைத்தாள்.

சொற்கள் நம்முடையவை, மூச்சு நம்முடையது, நீட்டலின் அளவும் நம்முடையதே. ஆயின் அந்த நீட்டலில் நம் குரலின் அடிக்கனம் வற்றிப்போய், மெலிந்த உயர்ந்த குரல் ஒன்று மேலோங்கி நின்றது. ஒரு சின்னப் பிள்ளை ஓதுவதுபோல் இருந்தது.

சற்று நேரம் நமக்குப் பேச்சு எழவில்லை. மகள் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். அதனை வாசகர்களுக்கும் சொல்கிறோம். ஏனெனில் அக்கணக்கே அவ்வழக்கின் தீர்ப்பு.

நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 175 அதிர்வுகள் எனில் ஓர் அலையின் நீளம் 2 மீட்டர். கடைசி வரிசையில் இருப்பவனைக் கடந்து செல்லும் அலை அரை மீட்டர் நடந்து சுவரைத் தொடுகிறது. திரும்பி அரை மீட்டர் நடந்து அவனிடம் மீள்கிறது. ஆக ஒரு மீட்டர். அதாவது பாதி அலைநீளம். ஆகவே நேரே வரும் அலை அவன் காதருகே காற்றை நெருக்கும் அதே கணத்தில், திரும்பிய அலை அதனை நெகிழ்த்துகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்கிறது. அடிக்குரல் அவனை எட்டுவதில்லை.

ஆயின் மனிதக் குரல் ஒற்றை ஓசையன்று. 175ஓடு 350, 525, 700 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 350க்கு அலைநீளம் ஒரு மீட்டர். சுவருக்குச் சென்று திரும்பும் ஒரு மீட்டர் நடையில் அது ஒரு முழு அலையை நிறைவு செய்து, நேர் அலையோடு கைகோத்து மிகுகிறது. 525 ஈடுபட்டுப் போகிறது, 700 மிகுகிறது. இப்படி ஒன்றுவிட்டு ஒன்று அடங்க, எஞ்சுவன 350ம் 700ம். அஃது ஒரு பிள்ளையின் குரலுக்குரிய அடுக்கு. பக்கச்சுவரும் கூரையும் தத்தம் எதிரொலியைச் சேர்ப்பதால் அடக்கம் முழுமையாய் இராது. சாதாரணப் பேச்சில் எழுத்துக்கள் விரைந்து மாறுவதால் எவரும் அறியார். ஒரே சுருதியில் நீட்டி நிறுத்தும்போது மட்டும், அச்சுவருக்கு ஒரு முழம் முன்னே அமர்ந்தவனுக்கு மட்டும், அவ்வேறுபாடு புலனாகும். நடுவரிசைகளில் ஒன்றும் தெரியாது. மேற்கு ஓரத்தில் அமர்ந்து ஓதும் நமக்கு அறவே தெரியாது.

சிறுவன் சொன்னது நீட்டும்போது என்று. சிறுவன் சொன்னது இங்கே என்று. இரண்டு சொல்லையும் அவன் கவனமாகவே சொன்னான். நாம் இரண்டையும் கேட்கவில்லை.

நாம் எப்படிப்பட்ட பாடத்தை நடத்தி வந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இமாம் புகாரி அவர்கள் தம் ஸஹீஹில், அறிவு பற்றிய பகுதியில், சிறுபிள்ளை செவியுற்றது எப்போது செல்லும் என்பதற்கென்றே ஒரு தலைப்பு அமைத்துள்ளார்கள். ஐந்து வயதில் தாம் கண்டதை நினைவிற்கொண்டு அறிவித்த மஹ்மூது இப்னு ரபீஉ அவர்களின் செய்தியை அதன்கீழ்த் தந்துள்ளார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் சாட்சியத்தை ஏற்று நூலில் பதித்தது நம் மரபு. அத்தலைப்பைப் பலமுறை பாடம் நடத்தினோம். அறிவிப்பவர் யார், எங்கிருந்து கேட்டார், எவரிடம் கேட்டார் என்று துருவுவதே ஹதீஸ் கலை என்று பெருமையோடு விளக்கினோம். நம் கூடத்தில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று, 'இங்கிருந்து கேட்டேன்' என்று இடத்தையும் சேர்த்து அறிவித்தபோது, அவன் இடத்திற்குச் சென்று ஒரு நிமிடம் அமர்ந்து பார்க்க நமக்குத் தோன்றவில்லை. பதினைந்து அடி நடந்திருந்தால் போதும். யாரையேனும் ஓதச் செய்து அங்கு அமர்ந்து கேட்டிருக்கலாம். நாம் நடக்கவில்லை, பிரம்பை அனுப்பினோம்.

அன்றிரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் நம்மைத் தேற்றவில்லை. "அவங்க இப்ப எங்க இருக்காங்க வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரித்ததில், மலேசியாவில் ஓர் உணவகத்தில் பணிபுரிகிறார் என்றும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வருகிறார் என்றும் தெரிந்தது. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அஸருக்குமுன் அவர் வீட்டுக்குச் சென்றோம். முப்பத்தெட்டு வயதிருக்கும், முன்தலை நரைத்திருந்தது. நம்மைக் கண்டதும் பதறி எழுந்து, "ஹஜ்ரத், நீங்க இங்க வரணுமா? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் அமர்ந்தோம். அவர் நின்றார். எவ்வளவு சொல்லியும் நம்முன் அமர மறுத்தார். அன்று லுஹர் வரையில் நின்ற பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே நமக்குப் பட்டது.

சொல்ல வந்ததைச் சொன்னோம். சுவர், ஒரு முழம், 175, 350 எல்லாம் சொன்னோம். "நீ சொன்னது உண்மை, நாம் செய்தது அநீதி, ஹலாலாக்கிவிடு" என்றோம்.

முதலில் சிரித்தார். "அதையா இவ்வளவு காலம்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து, தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "அடிச்சதெல்லாம் அப்பவே போயிருச்சு ஹஜ்ரத். எங்க வாப்பா அதைவிட அடிப்பாங்க. ஆனா அவங்க அஞ்சு பேரும் இல்லைன்னாங்களா, எனக்கே சந்தேகம் வந்திருச்சு. எங்காதுதான் சரியில்லையோன்னு. உம்மாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டினோம். காதுல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அப்ப புத்திலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு மட்டும் கேட்டது எதையும் வெளியில சொன்னதில்ல."

நாம் கொடுத்த இரண்டு அடியின் தழும்பு உள்ளங்கையில் இல்லை, வேறெங்கோ இருந்தது. ஒரு பிள்ளை தன் செவியையே நம்பாமல் போவதற்கு நாம் காரணமானோம். வல்ல இறைவன் மன்னிக்க வேண்டும். அவர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆயினும் மன்னிப்புப் பெற்றதோடு எழுந்து வர மனம் ஒப்பவில்லை. "கூடத்திற்கு ஒருமுறை வா" என்று அழைத்தோம். அஸர் தொழுதபின் வந்தார். எட்டு வயது மகன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

கூடம் பெரிதும் மாறவில்லை. தரையில் வழவழப்பான கல் பதித்திருக்கிறார்கள், மின்விசிறிகள் கூடியிருக்கின்றன. கிழக்குச் சுவர் அப்படியே இருந்தது. மகள் இழுத்த சுண்ணக்கோடுகள் அழிந்துபோயிருந்தன. ஆனால் அவருக்குக் கோடு தேவைப்படவில்லை. நேரே சென்று, சுவருக்கு ஒரு முழம் முன்னே, தன் பழைய இடத்தில் காலை மடித்து அமர்ந்தார். மகன் கூடத்தின் நடுவில் விளையாட்டாய் உட்கார்ந்துகொண்டான். நாம் மேற்கு ஓரத்தில் அமர்ந்து, அன்று ஓதிய அதே பாடத்தை எடுத்து, அந்த நீட்டலை நம் மூச்சு உள்ளவரை நிறுத்தினோம்.

முடித்துவிட்டுப் பார்த்தோம். அவர் கண்களை மூடியிருந்தார். முழு வளர்ச்சி பெற்றவரின் காது சிறுவனின் காதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். ஆயின் சுவரிலிருந்து உள்ள தொலைவு ஒன்றே. மெல்லத் தலையசைத்தார். பேசவில்லை.

இப்போது நம் பாடத்தில் பிரம்பு இல்லை. பாடம் தொடங்குமுன் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் போய் ஒவ்வொரு நிமிடம் அமர்ந்து பார்க்கிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எவனாவது எழுந்து 'இங்கே வேறு மாதிரிக் கேட்கிறது' என்றால், 'எங்கே, காட்டு' என்கிறோம். சில நேரம் அவன் சொல்வது தவறாகவும் இருக்கிறது. அதையும் அவன் இடத்தில் அமர்ந்த பின்னரே சொல்கிறோம்.

அன்று கூடத்தில் நிலவிய அமைதியைக் கலைத்தவன் அந்த எட்டு வயதுப் பிள்ளைதான். நடுவில் இருந்தபடியே, "என்ன வாப்பா கேட்டுச்சு? எனக்கு ஒண்ணும் வித்தியாசமாக் கேக்கலையே" என்றான்.

அவர் கண்ணைத் திறந்து, தம் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

"நீ இருக்கிற இடத்துல கேக்காதுடா. இங்க வா."